ரைபிள் வாங்கலியோ ரைபிள்!

திண்டிவனம் பக்கத்துல இருந்து ஒரு நண்பர் நாலே வரியில கேள்வி அனுப்பி இருக்கார். ‘வேட்டைக்கும் ஆகணும், தூரத்துல டார்கெட் வெச்சு சுடவும் ஆகணும். ஒரே போல்ட் ஆக்‌ஷன் ரைபிளா சொல்லுங்க. ரெமிங்டனா, டிக்காவா, சாவேஜா?’ மூணுமே வெளிநாட்டுல மான் வேட்டைக்குப் போறவங்க கடையில கேட்டு வாங்குற சரக்கு. விழுப்புரம் மாவட்டத்துல இருந்துகிட்டு நீங்களும் நானும் என்ன வாங்கலாம், அதைப் பார்ப்போம்.

கேள்வியில ‘வேட்டை’ங்கிற பாதியை முதல்ல வெட்டிடலாம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த புதுசுல லைசென்ஸ் வாங்கி வேட்டையாட வழி இருந்தது. 1991 திருத்தத்தோட அந்தக் கதவும் சாத்தியாச்சு. இன்னிக்கு இந்தியாவுல பொழுதுபோக்குக்கு வேட்டையாட எந்த ரைபிளும் செல்லாது. ‘ஏர் கன்தானே, கொக்குதானே’ன்னு இழுக்காதீங்க. ஏர் கன்ல கொக்கு சுட்டாலும் சட்டத்துக்கு அது வேட்டைதான். மரக்காணம், வானூர் பக்கம் கழுவெளிக்கு எங்கெங்கிருந்தோ பறவைகள் பறந்து வருதே, அந்த ஏரி 2021 டிசம்பர்ல பறவைகள் சரணாலயம் ஆயிடுச்சு. சரணாலயத்துக்குள்ள வேட்டையாடி மாட்டினா தண்டனை 3 வருஷத்துக்குக் குறையாது, 7 வருஷம் வரைக்கும் போகலாம். உங்க டிகிரியே 4 வருஷம்தான், கணக்கு பண்ணிக்குங்க.

‘கடலைக் கொல்லையைப் பன்னி நாசம் பண்ணுதே, அதுக்கு?’ன்னு ஊர்ல இருந்து வர்றவங்க கேட்பீங்க. நியாயமான கேள்வி. 2025 ஜனவரியில தமிழக அரசு இதுக்கு ஒரு முறை சொன்னது. காப்புக்காட்டுல இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள சுடக் கூடாது. 1 முதல் 3 வரை பிடிச்சுக் காட்டுல விடணும். 3 கிலோமீட்டருக்கு அப்பால வனத்துறை ஆளுங்க சுடலாம். கவனிங்க, வனத்துறை! நீங்களோ உங்க சித்தப்பாவோ இல்லை. பயிர்ப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ்னு ஒண்ணு நிஜமாவே இருக்கு. ஆனா 1959 ஆயுதச் சட்டம் அதுக்குச் சொல்றது, வாய் வழியா மருந்து போட்டு இடிக்கிற பழைய ரகத் துப்பாக்கி. அதுல போல்ட்டும் கிடையாது, ஆக்‌ஷனும் கிடையாது.

தலைமுறை தலைமுறையா அந்த நாட்டுத் துப்பாக்கியோட வேட்டையை நம்பியே வாழ்ந்தவங்க நரிக்குறவர் மக்கள். சட்டம் வந்ததும் தொழிலை விட்டுட்டு பஸ் ஸ்டாண்டுல ஊசிமணி, பாசிமணி விக்க வேண்டிய நிலைமை அவங்களுக்கு. பழங்குடியினர் பட்டியல்ல சேர்க்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க, 2023 ஜனவரியிலதான் அது சட்டமாச்சு. வயித்துப்பாட்டுக்கு வேட்டையாடினவங்களையே நிறுத்தச் சொல்லிட்டு, நமக்கு மட்டும் ஜாலிக்கு அனுமதி கொடுத்தா நல்லாவா இருக்கும்?

ஓகே, மிச்சம் இருக்குறது டார்கெட். உண்மையைச் சொன்னா போல்ட் ஆக்‌ஷனோட அருமை தெரியறதே இங்கதான்.

வீட்டு வாசக்கதவுல ஆல்ட்ராப் பார்த்திருப்பீங்க. கம்பியைத் திருப்பி, இழுத்து, தள்ளி, மறுபடி திருப்பினா லாக். போல்ட் ஆக்‌ஷனும் அதேதான். கைப்பிடியைத் தூக்கிப் பின்னால இழுத்தா சுட்ட தோட்டாவோட காலி கூடு வெளிய விழும். முன்னால தள்ளினா மேகஸின்ல இருந்து அடுத்தது உள்ள போகும். கீழே மடக்கினா போல்ட்டுல இருக்குற புடைப்புகள் பள்ளத்துல போய் உட்கார்ந்து பூட்டிக்கும். ஜெர்மனியோட 1898 மாடல் மவுசர்ல இந்தப் புடைப்புகள் முன் பக்கம். நம்ம போலீஸ் கையில பல வருஷம் இருந்த .303 லீ என்ஃபீல்டுல பின் பக்கம். முன் பக்கம் பூட்டினா இறுக்கம் அதிகம், பின் பக்கம் பூட்டினா வேகமா இயக்கலாம். டார்கெட்டுக்கு இறுக்கம்தான் முக்கியம். தோட்டா குழலை விட்டு வெளிய போற வரைக்கும் உள்ள வேற எந்த பாகமும் நகராது. ஆட்டோமேட்டிக்கோட ஒப்பிட்டா இதோட பெரிய பலம் இதுதான்.

மெக்கானிக்கல் மக்களே, ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்ல கேண்டிலீவர் பீம் போட்டுப் போட்டு நொந்து போனீங்களே, அது இங்க வருது! ஒரு முனை பிடிச்சு மறுமுனை தொங்குற பீம்தான் ரைபிள் குழல். சுடும்போது அது அதிரும். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அதிர்ந்தா குண்டு ஒரே இடத்துல விழும். அதனாலதான் நல்ல டார்கெட் ரைபிள்ல குழல் கனமா இருக்கும், கட்டையில எங்கயும் உரசாது.

சரி, எதை வாங்கலாம்? முதல்ல வயசைச் சொல்லுங்க. லைசென்ஸ் கொடுக்க 21 முடிஞ்சிருக்கணும். எனக்கு 20, ஆட்டம் க்ளோஸ். 21 ஆனவங்களும் .303, 7.62 ரைபிளைக் கேட்க முடியாது. ராணுவத் தோட்டா போடக்கூடிய ரகம் எல்லாம் தடை செய்யப்பட்ட பட்டியல்ல இருக்கு. நம்ம அரசுத் தொழிற்சாலைகள் சிவிலியனுக்குன்னு .315 போல்ட் ஆக்‌ஷன் போட்டதுக்கும் காரணம் அதுதான். பாதுகாப்புக்கு அதை வெச்சிருக்குறவங்க உண்டு. ஆனா துல்லியப் போட்டிக்குன்னு பிறந்த துப்பாக்கி இல்லை அது. ரெமிங்டன் மாதிரி வெளிநாட்டு அயிட்டத்தை நேரா இறக்குமதி பண்ண சாதாரண ஆளுக்கு வழி கிடையாது. தேசிய ரைபிள் சங்கம் மூலமா, போட்டியில தகுதி காட்டின ஷூட்டர்களுக்குத்தான் அந்தச் சலுகை.

அப்படியே ஒண்ணு கைக்கு வந்தாலும் எங்க வெச்சு சுடுவீங்க? திண்டிவனத்துல இருந்து மரக்காணம் வரைக்கும் தரை தட்டையாவேதான் போகும். குண்டைத் தடுக்க ஒரு மண்மேடு கிடையாது. சின்ன .22 தோட்டாவே ஒரு கிலோமீட்டருக்கு மேல போகும். நீங்க சுட்டது கரும்புத் தோட்டத்தைத் தாண்டி எந்தக் களத்துமேட்டுல இறங்குச்சுன்னு உங்களுக்கே தெரியாது. தெரியும்போது போலீஸ் வந்திருக்கும். மண்ணணை கட்டின, அனுமதி பெற்ற ரேஞ்ச் தவிர வேற எங்கயும் ‘லாங் ரேஞ்ச்’ பேச்சே வேண்டாம்.

அதனால வரிசையை மாத்துங்க பாஸ். ரைபிளுக்கு முன்னாடி கிளப். முதல் ஒரு வருஷம் கிளப் துப்பாக்கியிலயே 10 மீட்டர் ஏர் ரைபிள். பதக்க ஆசை இருக்குறவங்க தெரிஞ்சுக்கணும், பக்கத்து கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் ரெண்டு ஒலிம்பிக் போனது இந்த ஏர் ரைபிள்லதான். (‘தல’ அஜித் 2022-ல திருச்சி மாநிலப் போட்டியில பதக்கம் அடிச்சாரேங்கிறீங்களா? அவர் பிஸ்டல் பார்ட்டி, அது தனி ரூட்.)

அடுத்த படி 50 மீட்டர், .22 போல்ட் ஆக்‌ஷன். ரெண்டரை கிரிக்கெட் பிட்ச் நீளம் வெச்சுக்குங்க. நடுவுல இருக்குற பத்து பாயிண்ட் வட்டம் 10.4 மில்லிமீட்டர், உங்க சட்டை பட்டன் சைஸ்! குண்டு அங்க போய்ச் சேர 0.16 நொடி போல ஆகும். அரை ஜி டி ஸ்கொயர் போட்டுப் பாருங்க, அதுக்குள்ள 12 செ.மீ. கீழ இறங்கிடும். குறி பார்க்குற சைட்டை அதுக்கு ஏத்த மாதிரி திருகி வெச்சிருக்கணும். இந்த இடத்துலதான் தேர்வு ஆரம்பம். செருப்பு வாங்குற மாதிரி, அளவு முதல்ல. கட்டை தோள்ல சரியா உட்காரணும், கன்னம் வெச்சா கண் தானா சைட்டுக்கு நேரா வரணும். நிறைய பேர் கம்பெனி பேரைப் பார்க்குறாங்க, கட்டையோட நீளத்தைப் பார்க்குறதில்லை. போட்டியில ரைபிள் எடை 8 கிலோ வரை போகலாம், நின்னுகிட்டே அதைப் பிடிச்சுப் பாருங்க, மெஸ்ஸுல சாம்பார் வாளி தூக்குறதெல்லாம் ஜுஜுபி. அடுத்தது ட்ரிகர், அது இழுக்குறதே தெரியாம விடணும். கடைசியா தோட்டா. ஒரே கம்பெனியோட ரெண்டு பேட்ச் தோட்டா ஒரே குழல்ல ரெண்டு விதமா விழும். பெரிய ஷூட்டர்கள் பேட்ச் பேட்ச்சா சுட்டுப் பார்த்துத்தான் வாங்குறாங்க. வெளிநாட்டு மேட்ச் ரைபிள் விலை லட்சங்கள்ல ஓடுது, அதுவும் சேர்த்துத்தான் சொல்றேன்.

2024 ஆகஸ்ட் 1, பாரிஸ். 50 மீட்டர் ரைபிள் மூணு பொசிஷன்ல ஸ்வப்னில் குசாலே வெண்கலம் ஜெயிச்சார். அந்தப் பிரிவுல ஒலிம்பிக் பதக்கம் வாங்கின முதல் இந்தியர். அப்போ அவர் பார்த்த வேலை? ரயில்வேல டி.டி.இ.! ஜங்ஷன் ஊர்க்காரங்களுக்கு இதுக்கு மேல சொல்லணுமா?

காசே இல்லாம போல்ட் ஆக்‌ஷனைத் தொட நம்ம ஸ்டூடன்ட்ஸுக்கு ஒரு வழி இருக்கு. என்.சி.சி.! காலையில அஞ்சு மணி பரேடு, பூட் பாலிஷ், வெயில், எல்லாம் உண்டு. அதுக்கு பதிலா ஒரு நாள் ரேஞ்சுல படுக்க வெச்சு கையில .22 கொடுப்பாங்க. 25 மீட்டர், அஞ்சு ரவுண்டு. அஞ்சும் நடுவுல விழுதாங்கிறது அப்புறம், ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணு விழுதாங்கிறதுதான் முதல் கேள்வி. அதுக்குப் பேர் ‘குரூப்பிங்’. குரூப் சரியா இருந்தா சைட்டைத் திருகி நடுவுக்குக் கொண்டு வந்துடலாம், குரூப்பே சிதறினா எந்த ரைபிளாலும் ஒண்ணும் பண்ண முடியாது. என்ரோல்மென்ட் பெரும்பாலும் காலேஜ் திறந்த முதல் சில வாரங்கள்லயே முடிஞ்சிடும். ஃபர்ஸ்ட் இயர் பசங்க டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டு பக்கம் ஒரு கண்ணு வைங்க.