எந்த மொழியில் சோதிப்பீர்கள்?

மூளையில் கட்டி எனத் தெரிந்தவுடன் இந்தியக் குடும்பங்கள் பெரும்பாலும் மூன்று கேள்விகளைக் கேட்கின்றன: எது பெரிய மருத்துவமனை, யார் பெயர்பெற்ற மருத்துவர், செலவு எவ்வளவு? மூன்றும் நியாயமானவையே. அதே வகைக் கட்டியை அவர் எத்தனை முறை அகற்றியிருக்கிறார், பின்னர் பேச்சுப் பயிற்சி அங்கேயே கிடைக்குமா என்பனவும் கேட்கத் தக்கவை. ஆனால் கட்டி மொழிப் பகுதியை ஒட்டியிருந்தால் கேட்டே ஆகவேண்டிய இன்னொரு கேள்வி உண்டு: நோயாளியின் பேச்சை எந்த மொழியில் சோதிப்பீர்கள்?

பெரும்பாலோருக்கு மொழிப் பகுதிகள் மூளையின் இடப் பாதியில் அமைந்துள்ளன. துல்லியமான இடம் ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே இத்தகைய கட்டிகளை நோயாளி விழித்திருக்கும்போதே அகற்றும் முறை உண்டு. மூளைத் திசுவுக்கு வலியுணர்வு இல்லை. மருத்துவர் மூளைப் பரப்பில் மெல்லிய மின்தூண்டல் தருவார். நோயாளி படங்களைப் பார்த்துப் பெயர் சொல்வார். சொல் தடைப்படும் இடத்தைக் கத்தி தொடாது.

இருமொழியாளரிடம் ஒரு மொழி தடைப்படும் இடத்தில் மற்றொன்று தடைப்படாமலும் இருக்கலாம் என்று 1978-இல் ஜார்ஜ் ஓஜமனும் ஹாரி விட்டேக்கரும் காட்டினர். வீட்டில் துளு, கடைத்தெருவில் கன்னடம், அலுவலகத்தில் ஆங்கிலம் என வாழும் மங்களூர்க்காரரை ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால், தாயோடு பேசும் மொழி தப்பியதா என்பது அறுவைக்குப் பின்னரே தெரியும்.

பெயர்ச்சொற்களும் போதா. "நாய்" எனச் சொல்ல முடிந்தவருக்கு "நாய் ஓடியது" என முடிக்க வராமல் போகலாம். காலத்தையும் திணையையும் வினைமுற்றிலேயே ஏற்றிச் சொல்லும் மொழிக்கு ஆங்கிலப் படத்தொகுப்பின் மொழிபெயர்ப்பு எப்படி ஈடாகும்?

இக்குறைக்கு மருத்துவர்களை மட்டும் பொறுப்பாக்குவது முறையன்று. விழித்திருக்கும் நோயாளியிடம் மொழிப் பகுதியைத் தேடும் முறையை வளர்த்த வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்றவர் ஜேக்கப் சாண்டி. 1949-இல் நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை வேலூரில் தொடங்கியவரும் அவரே. மருத்துவத்தில் அம்மரபு அவ்வளவு பழையது. துளுவுக்கும் சந்தாலிக்கும் போஜ்புரிக்கும் பேச்சுவழக்கில் அமைந்த சோதனைகளை ஆக்கித் தரவேண்டியவை மொழியியல் துறைகள். முனைவர் பட்டத்துக்கு அதைவிடப் பயனுள்ள தலைப்பு அரிது.

அதுவரை நோயாளியின் குடும்பம் இக்கேள்வியைத் தயங்காமல் கேட்கலாம். அது மருத்துவரின் திறமையை ஐயுறுவதாகாது. கேள்வியின் பொருளை உணர்ந்து, சோதிப்பவர் யார், எம்மொழியில், எவ்வாறு என விளக்கும் மருத்துவரை நம்பலாம், "அதெல்லாம் எதற்கு?" என்பவரிடமிருந்து எழுந்து வேறொருவரின் கருத்தையும் கேட்பதே நன்று.