சிவப்பு விளக்கும் நான்கு கிலோமீட்டரும்



இம்மாதம் ஒரு காரைப் பற்றி எழுதத் துணிகிறோம். மோட்டார் தொழிலில் நமக்குத் தேர்ச்சி கிடையாது. நமக்குள்ள தகுதி ஒன்றே: அந்தக் கார் கெட்டபோது நாமும் அதில் அமர்ந்திருந்தோம்.

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. கண்டரமாணிக்கத்தில் ஒரு வீட்டில் ஆறரை மணிக்குச் செபக்கூட்டம். திருப்பத்தூரில் பேருந்துக்காக நின்றிருந்தோம். தரையோடு தரையாகப் பதிந்த சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நம் முன் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் நாம் நன்கு அறிந்த இளைஞர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் மகன், சென்னையில் வேலை. "சாமி, ஏறுங்க. இரண்டே இருக்கைதான், ஒன்று உங்களுக்கு" என்றார். பழைய காராக வாங்கியதாம். தந்தையிடம் இன்னும் சொல்லவில்லை; நேரில் காட்டி வியக்க வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

வழியில் ஒரு வேகத்தடை. ஊர்ச் சாலைக்கென்று அமைந்த காரல்லவே அது! அடிப்பாகத்தில் 'டங்' என்று ஒலி எழுந்தது. சற்று நேரத்தில், ஓட்டுநருக்கு எதிரே, எண்ணெய்க் குவளை வடிவில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு எரிந்தது. அதை நாமும் கண்டோம். "அது என்ன தம்பி?" என்று கேட்டோம். "இன்னும் நான்கு கிலோமீட்டர்தானே சாமி, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். கடிகாரத்தைப் பார்த்தோம், மணி ஆறு இருபது. நாமும் வாய் மூடிக்கொண்டோம்.

இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் தகரத்தை உலுக்குவது போன்ற ஒலி கேட்டது. பின்பு ஒரே அடியாக எல்லாம் நின்றது.

இளைஞர் திரும்பத் திரும்பச் சாவியைத் திருகினார். அப்போது மொபெட்டில் அவ்வழியே வந்த மெக்கானிக் ஒருவர் இறங்கினார். ஊரார் அவரைப் பாய் என்றே அழைப்பர். "தம்பி, முதலில் சாவியிலிருந்து கையை எடுங்க" என்றார். டார்ச் விளக்கோடு குனிந்து பார்த்தார். அடியிலிருந்த எண்ணெய்த் தொட்டி, அதாவது சம்ப், கீறிப் போயிருந்தது. உள்ளே எண்ணெய் சொட்டும் இல்லை.

அன்றிரவு பாய் நமக்கு விளக்கியதைச் சுருக்கமாகத் தருகிறோம். எஞ்சினின் நடுவே கிராங்க் தண்டு சுழல்கிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் ஒரு நொடிக்கு 50 சுற்று. அத்தனை வேகத்திலும் தண்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று உரசாமல் காப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றே. எண்ணெய் அழுத்தம் போனால் அப்படலம் அறுந்துவிடும். உலோகம் உலோகத்தோடு உரசி, சூடேறி, இறுகிப் பிடித்துக்கொள்ளும். இதற்கு மணிக்கணக்கு வேண்டுவதில்லை. சில நிமிடங்களே போதும். மஞ்சள் விளக்கு எரிந்தால் விரைவில் காட்டுக என்று பொருள். சிவப்பு விளக்கு எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்துக என்று பொருள்.

ஓடும்போதே எஞ்சின் நின்றுவிட்டால் செய்ய வேண்டியதையும் அவர் சொன்னார். ஸ்டீயரிங் கனக்கும், இரு கைகளாலும் பிடித்து இடப்புறம் ஒதுக்க வேண்டும். பிரேக்குக்கு உதவும் விசையும் குறைந்துவிடுவதால், விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். வண்டி முழுவதும் நிற்கும் முன் சாவியை உருவலாகாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளக்கூடும். நின்றபின் எச்சரிக்கை விளக்குகளைப் போட்டு, ஆட்களைச் சாலையைவிட்டு அப்பால் நிறுத்த வேண்டும். சூடேறிய ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. காரணம் தெரியாமல் மீண்டும் ஸ்டார்ட் செய்வது, பிழைக்கக்கூடிய எஞ்சினையும் கொன்றுவிடும்.

செபக்கூட்டத்துக்கு நாம் பாயின் மொபெட்டில் போய்ச் சேர்ந்தோம். அரைமணி நேரம் தாமதம். ஒருவரும் குறை சொல்லவில்லை.

துன்பம் அதற்குப் பிறகே தொடங்கிற்று. எஞ்சினைப் பிரித்துப் பார்த்தபோது கிராங்க் தண்டும் ஒரு பிஸ்டன் தண்டும் பாழாகியிருந்தன. புது எஞ்சினின் விலையோ அவர் காருக்குக் கொடுத்த விலையையே மிஞ்சியது. காப்பீடு கைகொடுக்கும் என்று எண்ணினார். நம் நாட்டு மோட்டார் காப்பீட்டில் ஒரு நிபந்தனை உண்டு: விபத்து நேர்ந்தபின் பழுது பார்க்காமல் வண்டியை ஓட்டினால், அதனால் கூடும் சேதம் முழுவதும் உரிமையாளர் பொறுப்பே. சம்ப் கீறியது விபத்து. எஞ்சின் இறுகியது அதன்பின் ஓட்டியதால் வந்தது. நம் வாசகர் ஒவ்வொருவரும் தம் பத்திரத்தில் இவ்வரியைத் தேடிப் படித்துவைப்பது நலம்.

அப்பொழுது வெளியூர் வியாபாரி ஒருவர் மலிவு விலைக்கு ஓர் எஞ்சின் தருவதாகச் சொல்லியனுப்பினார். ரசீது கிடையாது, எங்கிருந்து வந்தது என்பதும் கிடையாது. இளைஞர் மனம் தடுமாறியது. தந்தை நம்மை அழைத்துப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு மகனிடம் சொன்னார்: "கார் வாங்கியதை என்னிடம் மறைத்தாய், அதைப் பொறுத்தேன். யார் வண்டியிலிருந்தோ கழற்றிய பொருளை என் வாசலுக்குக் கொண்டுவராதே."

சட்டமும் அவர் பக்கமே நிற்கிறது. எஞ்சின் எண் பதிவுச் சான்றிதழில் எழுதப்பட்டது. எஞ்சினை மாற்றினால் 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கூறுகிறது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் அறிவித்தாக வேண்டும். மூலம் தெரியாத எஞ்சினுக்கு எந்தத் தாளைக் காட்டுவது?

கார் நான்கு மாதம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. பின்னர், விபத்தில் பின்புறம் நசுங்கிய அதே வகைக் காரின் எஞ்சின், முறையான ரசீதோடு கிடைத்தது. மதுரையில் பொருத்தினார்கள். எண்ணெய்க் குழாய்களைக் கழுவி, வடிகட்டியைப் புதிதாக்கி, சம்புக்கு அடியில் ஓர் இரும்புத் தகடும் அமைத்தார்கள். பழைய உலோகத் துகள் ஒன்று தங்கினாலும் புதிய எஞ்சினையும் அது தின்றுவிடுமாம். இச்செலவால், தை மாதத்தில் நடக்கவிருந்த தங்கையின் திருமணம் வைகாசிக்குத் தள்ளிப்போயிற்று. அந்தப் பெண் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அண்ணனுக்கு அதுவே பெரிய தண்டனையாயிற்று.

காத்திருந்த அந்த மாதங்களில் மனம் சோர்ந்திருந்த இளைஞர், தமக்குப் பிடித்த கார்ப் பந்தயக் கதை ஒன்றை நமக்குச் சொன்னார். 2005-ஆம் ஆண்டு, கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியராக விளங்கிய ஆண்டு. அவ்வாண்டின் விதிப்படி ஓர் எஞ்சின் இரண்டு போட்டிகளுக்குத் தாக்குப்பிடிக்க வேண்டும். இடையில் மாற்றினால் புறப்படும் வரிசையில் பத்து இடம் பின்தள்ளுவார்கள். ஃபின்லாந்து வீரர் கிமி ரைக்கோனனுக்கு அவ்வாண்டு இத்தண்டனை பலமுறை நேர்ந்தது. அக்டோபரில் ஜப்பானின் சுசுக்காவிலும் பயிற்சியின்போது எஞ்சின் போயிற்று. அத்தண்டனையும் தகுதிச்சுற்றில் பெய்த மழையும் சேர்ந்து அவரை 17-ஆம் இடத்தில் நிறுத்தின. அங்கிருந்து ஒவ்வொருவராக முந்தி, கடைசிச் சுற்றில் முதலிடம் பிடித்து வென்றார். எனினும் அவ்வாண்டின் சாம்பியன் பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. எஞ்சின் கோளாறுகளால் இழந்தவை அதற்கு ஒரு காரணம்.

இக்கதையின் இரு பாதியும் மெய்யே. எஞ்சினை மாற்றிக்கொண்டு பின்வரிசையிலிருந்து புறப்பட்டு வெல்லலாம். ஆயினும் இழந்தது இழந்ததே.

நம் இல்லங்களிலும் சிறு சிவப்பு விளக்குகள் எரிகின்றன. மாடிப்படி ஏறும்போது நெஞ்சைப் பிடிக்கும் தந்தை, மார்பில் கட்டியை மறைக்கும் தாய், கடன் சீட்டைத் தலையணைக்கு அடியில் ஒளிக்கும் மகன். "திருவிழா முடியட்டும், பரீட்சை முடியட்டும்" என்கிறோம். பக்கத்தில் இருப்பவரும் காண்கிறார். ஒருமுறை கேட்டுவிட்டு வாய் மூடிக்கொள்கிறார்.

அன்று மாலை, "தம்பி, வண்டியை நிறுத்து, நடந்தே போவோம்" என்று நாம் சொல்லியிருந்தால், செலவு ஒரு சம்பும் சிறிது எண்ணெயுமே. அதைச் சொல்ல நமக்கு மெக்கானிக் அறிவு வேண்டியதில்லை. செபக்கூட்டத்துக்குப் பிந்திப் போகும் மனம் இருந்தால் போதும்.

வைகாசியில் அந்தத் திருமணத்தை நாமே நடத்திவைத்தோம். மணமகளை ஆலயத்துக்கு அழைத்து வந்தது அச்சிவப்புக் கார்தான். வேகத்தடை வந்த இடத்தில், அண்ணன் தங்கையை இறக்கிவிட்டு, வெறும் வண்டியை மெல்லக் கடத்தி, மீண்டும் ஏற்றிக்கொண்டாராம். பத்து நிமிடம் தாமதமாக வந்தார்கள். நாம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.