பன்றிக்குட்டிகளின் குடல் நலமும் தீவனப் பொட்டலங்களும்

பன்றி வளர்ப்போருக்குப் பெரு நஷ்டம் நேர்வது, குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கும் வாரத்தில்தான். வயிற்றுப்போக்குக் கண்டு குட்டிகள் மெலிவதும் மடிவதும் எல்லா நாட்டினரும் அறிந்த விஷயம். இதைத் தடுப்பதாகக் கூறிப் பல பொடிகளும் திரவங்களும் விற்கப்படுகின்றன. அவற்றுள் எது உணவு, எது மருந்து என்பதை வாங்குவோர் எளிதில் அறிய இயலாதிருப்பது பெருங்குறை என்பது எம் அபிப்பிராயம்.

நோயின் காரணம் தெளிவானது. பால் குடிக்கும் வரையில், பாலிலுள்ள சர்க்கரையை இரைப்பையில் வாழும் நற்கிருமிகள் லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. பால் நின்றதும் அவ்வமிலம் குறைகிறது. குட்டியின் இரைப்பையோ இன்னும் போதிய அமிலத்தைச் சுரக்கும் பருவத்தை எய்தவில்லை. ஆகவே செரியாத புரதம் குடலுக்குச் செல்ல, அதனை உண்டு ஈ. கோலி கிருமிகள் பெருகுகின்றன.

இந்நோய்க்குப் பல நாடுகளிலும் தீவனத்தில் கலந்து கொடுக்கப்பட்ட மருந்துகளுள் ஒன்று கோலிஸ்டின். மனிதரிடத்தில் வேறெம்மருந்துக்கும் கட்டுப்படாத சில கிருமிகளுக்கு மருத்துவர் இறுதியாக நாடும் மருந்தும் அதுவே. அதனை எதிர்த்து நிற்கும் ஆற்றலை ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தவல்ல எம்.சி.ஆர்-1 என்னும் மரபணு, சீனாவில் பன்றிகளிடமும் நோயாளிகளிடமும் காணப்பட்டதாக 2015-இல் அறிவிக்கப்பட்டது. 2017-இல் அந்நாடு கோலிஸ்டினை வளர்ச்சியூக்கியாகத் தீவனத்தில் சேர்ப்பதை நிறுத்தியது. பின்னர் எதிர்ப்பாற்றல் பெற்ற கிருமிகள் குறைந்தமை ஆய்வுகளில் காணப்பட்டது. நம் மத்திய அரசும் 2019 ஜூலையில், உணவுக்கென வளர்க்கும் பிராணிகளுக்கும் தீவனத் துணைப்பொருள்களுக்கும் கோலிஸ்டினைத் தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்தது. தாராவியின் நெருக்கமான சந்துகளில் வாழும் குழந்தைக்குப் பன்றிப் பண்ணையோடு யாதொரு தொடர்பும் இல்லை. எனினும் நாளை அதன் இரத்தத்தில் கிருமி புகுந்தால், பண்ணையில் வீணாக்கப்பட்ட மருந்து அங்கே பயனற்றுப் போகலாம்.

துத்தநாக ஆக்ஸைடின் கதையும் ஏறக்குறைய இத்தகையதே. ஒரு கிலோ தீவனத்துக்கு 2,500 மில்லிகிராம் அளவில் சேர்த்தால் வயிற்றுப்போக்குக் குறைகிறது என்பது மெய். ஆனால் அதன் பெரும்பகுதி சாணத்தோடு வெளியேறி நிலத்தில் தேங்குகிறது; மருந்தை எதிர்க்கும் கிருமிகள் வளரவும் இடமளிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் அவ்வளவில் பயன்படுத்துவதை நிறுத்தியது. உடலுக்கு வேண்டிய சிறு அளவு துத்தநாகம் வேறு விஷயம், அது தேவையே.

எஞ்சுவனவற்றுள் எமக்கு நம்பிக்கை தருவன அமிலங்கள். பார்மிக், சிட்ரிக், பியூமரிக் அமிலங்கள் குட்டியின் இரைப்பையில் குறைந்த புளிப்பை ஈடு செய்கின்றன. நீரில் ஊறிப் புளித்த தீவனமும் அதையே செய்யும். மாட்டுங்காவில் தோசைமாவு புளிக்க வைக்கும் தமிழ்க் குடும்பத்தினருக்கு இத்தத்துவத்தை விளக்க வேண்டுவதில்லை! ஆயினும் கண்டபடி புளிக்கவிட்டால் ஈஸ்ட் மிகுவதும், தீவனத்தில் சேர்த்த லைசீன் என்னும் அமினோ அமிலம் அழிவதும் உண்டு. உணவு விடுதிக் கழிவைப் புளிக்க வைத்தால் போதும் என எண்ணுவதும் ஆபத்து. 2020 முதல் நம் நாட்டில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் காணப்படுகிறது. கழிவை நன்கு கொதிக்க வைக்காமல் ஊட்டுதல் அது பரவும் வழிகளுள் ஒன்று.

உயிருள்ள நற்கிருமிகள் அடங்கிய பொடிகளின் பலன் கிருமியின் இனத்தையும் எண்ணிக்கையையும் பொறுத்தது. பல மாதங்கள் வெயிலில் கிடந்த பொட்டலத்தில் எத்தனை உயிரோடிருக்கும்?

இவை அனைத்திற்கும் முந்தியது சீம்பால். கருவிலிருக்கும் குட்டிக்குத் தாயின் இரத்தத்திலிருந்து நோய்த்தடுப்புப் பொருள்கள் கிட்டுவதில்லை; பிறந்த முதல் நாளில் சீம்பால் வழியாகவே பெறவேண்டும். மூன்றாம் நாளையொட்டி 200 மில்லிகிராம் இரும்பு ஊசி, நான்கு வாரம் வரை தாய்ப்பால், தூய நீர், உலர்ந்த தரை ஆகியவற்றை விட்டுப் பொடியை நாடுவது வீண்செலவு.

செம்பூரையடுத்த தேவனாரில் 1971-இல் திறக்கப்பட்ட இறைச்சிக்கூடம் இருக்கிறது. பரேலில் 1886-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வளர்ப்போருக்கு அறிவு புகட்ட இவ்விரண்டையும் இணைத்துப் பயன்படுத்தலாம். தீவனப் பொட்டலம் ஒவ்வொன்றிலும், அதிலுள்ள பொருளின் பெயரும் அளவும், கிருமியாயின் அதன் இனமும் எண்ணிக்கையும், காலாவதி நாளும் மராத்தியிலும் தமிழிலும் பிற மாநில மொழிகளிலும் அச்சிடப்பட வேண்டும். இவற்றை அச்சிட மறுக்கும் சரக்குக்கு விற்பனை உரிமம் அளித்தலாகாது.