காட்டிக் கொடுத்தவன் யார்?

‘ஹேங்மென் ஆல்சோ டை’, அதாவது ‘தூக்கிலிடுவோரும் மடிவர்’ என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்தோம். போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1943ல் அமெரிக்காவில் வெளிவந்த பிரச்சாரப் படம் அது. இயக்கியவர் பிரிட்ஸ் லாங். கதையில் பங்கு கொண்டவர் பெர்டோல்ட் பிரெக்ட். இருவரும் ஹிட்லர் ஆட்சியில் இருக்க முடியாமல் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர்கள்.

நாஜிகள் பிடித்து வைத்திருந்த பிராக் நகரம். கொடுங்கோலன் ஹைட்ரிக்கை ஒரு மருத்துவர் சுட்டுக் கொல்கிறார். “கொன்றவனைக் கொடு” என்று நாஜிகள் பிணைக்கைதிகளைக் கொல்கிறார்கள். ஊர் அசையவில்லை. அதுமட்டுமா? உளவு சொன்ன மதுஆலை முதலாளி சாக்காவையே கொலைகாரன் என்று ஊரே ஒரே குரலில் சாட்சி சொல்லி மாட்டிவிடுகிறது! நாமும் கைதட்டினோம்.

கைதட்டிய கையோடு வீடு திரும்பலாமா? கூடாது என்கிறோம்.

நடந்தது வேறு. 1942 மே 27ல் ஹைட்ரிக்கைத் தாக்கியவர்கள், பிரிட்டனில் பயிற்சி பெற்று விமானத்திலிருந்து குதித்த காப்சிக், குபிஷ் என்ற வீரர்கள். ஜூன் 4ல் அவன் செத்தான். ஜூன் 10ல் லிடீட்சே கிராமத்தில் 173 ஆண்களைச் சுட்டார்கள். பெண்களை முகாமுக்கு அனுப்பினார்கள். குழந்தைகளில் பெரும்பாலோரை நச்சுப் புகையிட்டுக் கொன்றார்கள்.

காட்டிக் கொடுத்தவன் முதலாளியா? இல்லை! அவ்வீரர்களைப் போலவே விமானத்திலிருந்து குதித்த கூட்டாளி சுர்டா! அச்சமும் பரிசுப் பணமும் அவனைக் கெஸ்டாப்போ வாசலுக்கு இழுத்துச் சென்றன. அடைக்கலம் தந்த குடும்பங்கள் அழிந்தன. ஜூன் 18ல் தேவாலயத்தில் ஏழு வீரர்கள் மாண்டனர்.

ஹைட்ரிக் சாட்டையை மட்டும் நம்பியவனல்ல. ஆயுத ஆலைத் தொழிலாளருக்குக் கொழுப்பும் புகையிலையும் கூட்டிக் கொடுத்தான். ஒரு கையில் தூக்குக் கயிறு. மறு கையில் கூடுதல் பங்கீடு! அச்சத்துக்கும் ஆசைக்கும் நடுவே மனிதன் எப்படி வளைவான் என்பதை அவன் அறிந்திருந்தான்.

படம் எடுத்தவர்களைக் குறை கூறவில்லை. எரிகிற தீயின் நடுவே நம்பிக்கை ஊட்ட எடுத்தார்கள். ஆனால் இன்று உண்மை தெரிந்த நாம், கருங்காலி பணக்காரன் வீட்டில்தான் பிறப்பான் என்று நம்பலாமா? அது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

தோழர்களே! ஒற்றுமை பிறப்போடு வருவதல்ல. நாள்தோறும் காக்க வேண்டியது. அஞ்சி நிற்கும் தோழனை, அவன் எதிரியின் வாசலை மிதிக்கும் முன்பே, அருகில் அமர்த்திப் பேசுவோம். பிந்திய பின் தூற்றி என்ன பயன்?