மலைமேல் ஓர் அயல்நாட்டு இல்லம்



தவக்காலம் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்னர், கொல்லிமலையின் தேவனூர் நாட்டில் ஒரு வீட்டை மந்திரித்துத் தருமாறு அழைக்கப்பட்டுச் சென்றிருந்தோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தில் கடந்து மேலே சேர்ந்தபோது, எமக்கு ஏற்பட்ட தலைச்சுற்றலில் தீர்த்தச் செம்பைப் பேருந்திலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டோம். நடத்துநர் நல்லவர், மறுநடையில் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பித்தார். அதற்குள் இரண்டு மணி நேரம் கழிந்தது. அந்த இரண்டு மணி நேர உரையாடலே இம்மாதக் கட்டுரைக்குப் பொருளாயிற்று.

வீட்டுக்காரர் இங்கிலாந்து தேசத்தவர், அறுபதை நெருங்குபவர். இல்லத்தலைவி நம் பங்கில் ஞானஸ்நானம் பெற்று வளர்ந்த பெண். அயல்நாட்டில் செவிலியாகப் பணியாற்றிய காலத்தில் அவரை மணந்து, இப்போது கணவரோடும் ஒரே மகளோடும் தாய்வழிப் பாட்டனாரின் ஊருக்கு வந்து குடியேறியிருக்கிறார். மிளகும் காப்பியும் விளையும் சிறிய நிலம், இரண்டு பலா மரங்கள், புதிதாய்க் கட்டிய ஓட்டு வீடு. மகளுக்கு ஒன்பது வயது. நாம் சென்றபோது அவள் மலையூர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து சாமைக் களத்தில் கோழிகளை விரட்டிக்கொண்டிருந்தாள்.

முதலில் காகிதங்களின் கதையை முடித்துவிடுவோம். ஏனெனில் நம் பங்குகளில் அயல்நாட்டு மருமகனையோ மருமகளையோ பெற்றுள்ள குடும்பங்கள் ஆண்டுதோறும் பெருகிவருகின்றன. அவர்கள் எம்மிடம் கேட்பதெல்லாம் பெரும்பாலும் இவற்றைத்தான்.

இந்தியரை மணந்த வெளிநாட்டவர் ஓ.சி.ஐ. அட்டை கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் திருமணம் முறைப்படி பதிவாகியிருக்க வேண்டும். விண்ணப்பத்திற்கு முன் தொடர்ந்து இரண்டு ஆண்டுகளேனும் அம்மண வாழ்வு நிலைத்திருக்க வேண்டும். "கோவில் புத்தகத்தில் பெயர் இருக்கிறதே, சாமி, அது போதாதா?" என்று கேட்பவர் பலர். போதாது. 2009ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி எல்லா மதத்தவரின் திருமணங்களும் அரசுப் பதிவில் ஏற வேண்டும். அச்சான்றிதழைத் திருமணம் முடிந்த கையோடு வாங்கி வைப்பவர் புத்திசாலி. பத்தாண்டு கழித்துத் தேடி அலைபவருக்கு நாம் கோவில் புத்தகத்தின் நகலைத்தான் தர முடியும்.

அட்டை கிடைத்த பின்னும் அது குடியுரிமை ஆகாது. வாக்குரிமை இல்லை. வேளாண் நிலமோ தோட்டமோ தம் பெயரில் விலைக்கு வாங்கும் உரிமையும் இல்லை. மரபுரிமையாக வந்து சேர்வது வேறு. ஆகவே அந்த மிளகுத் தோட்டம் மனைவியின் பெயரிலேயே இருக்கிறது. "என் பெயர் எழுதியிருப்பது இந்த நாற்காலியில் மட்டும்" என்று வீட்டுக்காரர் நகைத்தார். உண்மையாகவே அதன் முதுகில் பெயர் செதுக்கியிருந்தது! இரு நாட்டுக் குடியுரிமையை ஒருங்கே வைத்திருக்க நம் நாடு இடந்தருவதில்லை என்பதையும், அயல்நாட்டுக் கடவுச்சீட்டுக்காக ஏங்கும் நம் இளைஞர்கள் நினைவில் வைப்பது நல்லது.

இன்னொன்று. வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் எவரும் அச்செய்தியை 24 மணி நேரத்திற்குள் அதிகாரிகளுக்குத் தெரிவித்தாக வேண்டும். விடுதிக்காரருக்கு மட்டுமே உரிய கடமை என்று இதை நினைப்பது தவறு. 1946ஆம் ஆண்டின் பழைய வெளிநாட்டவர் சட்டம் போய், 2025 செப்டம்பர் முதல் நாளில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபின்னும் இக்கடமை தொடர்கிறது. பங்கு இல்லங்களில் விருந்தினரை ஏற்கும் நம் குருக்களும் இவ்வரிகளை இருமுறை வாசிப்பார்களாக.

ஓய்வூதியம் பற்றியும் பேச்சு வந்தது. பிரிட்டிஷ் அரசு தன் முதியோருக்குத் தரும் ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே செல்வது. ஆனால் இந்தியாவில் குடியிருப்பவருக்கு அது முதலில் நிர்ணயித்த தொகையிலேயே நின்றுவிடும். தாய்லாந்தில் மணம் முடித்து வாழும் ஆங்கிலேயருக்கும் இதே நிலைதான். பிலிப்பைன்சில் வாழ்பவருக்கோ உயர்கிறது. பிரிட்டன் அந்தந்த நாட்டோடு செய்துகொண்ட உடன்படிக்கையைப் பொறுத்தது இது. சரி, குடும்பத்தோடு இங்கிலாந்துக்கே திரும்பிவிடலாமே என்றால், அதுவும் எளிதன்று. அயல்நாட்டு மனைவியை அழைத்துச்செல்ல விரும்பும் பிரிட்டிஷ் குடிமகன் காட்ட வேண்டிய ஆண்டு வருமானம் 2024 ஏப்ரலில் 18,600 பவுனிலிருந்து 29,000 பவுனாக உயர்த்தப்பட்டது. ஆணும் பெண்ணும் ஒரே உடலாவர் என்று வேதம் சொல்கிறது. குடியேற்ற அலுவலகமோ அவ்வுடலுக்கு வருமான வரம்பு வைத்திருக்கிறது.

இவையெல்லாம் வீட்டுக்காரர் கேட்டவை. இல்லத்தலைவியின் கேள்வி வேறு. கணவர் மாட்டுக்கொட்டகையைக் காட்ட எம்முடன் வந்தவரை வெளியே நிறுத்திவிட்டுத் தண்ணீர் எடுக்கச் சென்ற சமயம் பார்த்து, அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்: "சாமி, இவர் தங்கச்சி லண்டன்ல இருக்காங்க. பிள்ளையை அங்கே அனுப்பு, நான் படிக்க வைக்கிறேன்னு சொல்றாங்க. இங்கே என்ன படிப்பு இருக்குன்னு இவரும் யோசிக்கிறார். அனுப்பட்டுமா?"

நாம் உடனே மறுமொழி கூறவில்லை. இதே மலையில், வாழவந்தி நாட்டில், ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் இதே கேள்வியைச் சந்தித்த ஒரு குடும்பம் எம் நினைவுக்கு வந்தது.

அயல்நாட்டவர் இம்மலையடிவாரத்திற்கு வருவது புதிதன்று. நம் திருச்சபையின் இராபர்ட் தெ நொபிலி அடிகளார் 1623இலேயே சேந்தமங்கலம் வந்தவர். ஆனால் அவர் துறவி. காவியுடை தரித்து, மரக்கறி உணவு உண்டு, தம் ஒருவரின் உடலை மட்டும் இந்நாட்டு வெயிலுக்குப் பழக்கிக்கொண்டால் அவருக்குப் போதுமாயிருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் என்ன செய்வது, எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்னும் கவலைகள் துறவியருக்கு இல்லை. நாமும் அவ்வினத்தவராதலால், இவ்விஷயத்தில் எம் அறிவு கேள்வியறிவே என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

நாம் குறிப்பிடும் குடும்பம் நம் பிரிந்த சகோதரர்களைச் சேர்ந்தது. ஜெசி பிராண்ட் என்பவர் 1907இல் இங்கிலாந்திலிருந்து பாப்டிஸ்டு ஊழியராக வந்தார். லண்டனில் வசதியான இல்லத்தில் பிறந்து ஓவியம் பயின்ற ஈவ்லின் ஹாரிஸ் என்பவரை 1913இல் சேந்தமங்கலத்தில் மணந்தார். மணமான கையோடு இருவரும் கொல்லிமலை ஏறினர். அந்நாளில் வளைவுச் சாலை ஏது? ஒன்று கால்நடை, அன்றேல் டோலி. மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிக் கீழ்நாட்டவர் இரவு தங்கவும் தயங்கிய இடம் அது.

அங்கே அவர்கள் குடும்பம் நடத்திய விதம் கேட்கத் தகுந்தது. கறையான் அரிக்காதபடி தூண்களின்மேல் உயர்த்திய மரவீடு ஒன்றை அமைத்துக்கொண்டனர். தூண் தலைப்பில் கவிழ்த்த தட்டு கறையானின் வழியை மறித்தது. ஜெசி வெப்பநாட்டு மருத்துவம் சிறிது பயின்றிருந்தார். அதனால் காய்ச்சலுக்கு மருந்து தருவதும், பல் பிடுங்குவதும், புண் கழுவுவதும் அவர் வேலையாயின. நரம்புச் சிலந்தி நோயால் வருந்தியோரின் காலிலிருந்து அப்புழுவைச் சிறு குச்சியில் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சுற்றி எடுப்பார். இழுத்து அறுத்துவிட்டால் புண் சீழ்கட்டும். கால் வைத்து இறங்கும் கிணற்று நீரில்தான் அந்நோய் பரவுகிறது என்று மக்களுக்கு எடுத்துச்சொல்லிக் கிணறுகளுக்குச் சுவர் எழுப்பச் செய்தார். (நம் நாட்டில் அந்நோயின் கடைசி நோயாளி 1996இல் காணப்பட்டார், 2000இல் இந்தியா அந்நோயிலிருந்து விடுபட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இன்றைய பிள்ளைகளுக்கு அதன் பெயரும் தெரியாது.)

1914இல் மகன் பால் பிறந்தான்; பின்னர் மகள் கான்னி. பள்ளி இல்லாததால் தாயே ஆசிரியை. பையனோ வீட்டினுள் உட்கார மறுப்பவன். மரக்கிளையில் அமர்ந்து பாடம் எழுத அவனுக்கு அனுமதி தந்தார் தாய். எழுதி முடித்ததும் கீழே இறக்குவான், அவர் திருத்துவார். மலைப்பிள்ளைகளின் தமிழ் அவன் நாவில் தாய்மொழி போலப் புரண்டது. ஆண்டுகள் பல சென்றும் அவர்களுடைய போதனையை ஏற்பார் எவருமில்லை. அந்நிலையில் பூசாரி ஒருவர் காய்ச்சலால் மரணப்படுக்கையில் கிடந்தபோது, தம் பெண்குழந்தையை இந்த வெள்ளைக்காரத் தம்பதியரை நம்பி ஒப்படைத்தார். அவர்கள் அதை ரூத் என்று பெயரிட்டு வளர்த்தனர்.

மலையவர் தம் குழந்தையை நம்பித் தந்த அதே இல்லத்தார், 1923இல் தம் இரு குழந்தைகளையும் லண்டனில் தாயின் சகோதரிகளிடம் விட்டுவிட்டு மலைக்குத் திரும்பினர். பாலுக்கு அப்போது வயது ஒன்பது.

கொடைக்கானலில் மிஷனரிப் பிள்ளைகளுக்கென 1901இலேயே பள்ளி தொடங்கியிருந்தது என்பது உண்மை. ஆயினும் பிள்ளைகளைத் தாய்நாட்டுக்கு அனுப்புவதே அக்கால ஆங்கிலேயரின் வழக்கம். மலைக்காய்ச்சலோ பிள்ளைகளை மீண்டும் மீண்டும் பீடித்தது. அவர்களைக் குறைகூற எமக்குத் தகுதியில்லை. அதன்பின் கடிதங்களே குடும்பமாயின. தந்தை மலையின் மரங்களையும் பூச்சிகளையும் பறவைகளையும் வருணித்து எழுதுவார்; கப்பலில் அது சென்று சேர வாரங்கள் ஆகும். 1929 ஜூன் மாதத்தில் கருநீர்க் காய்ச்சல் கண்டு ஜெசி மலையிலேயே இறந்தார். தந்திச் செய்தி லண்டனுக்கு உடனே போய்ச் சேர்ந்தது. ஆனால் அதற்குமுன் அவர் எழுதி அஞ்சலில் சேர்த்த கடிதங்கள் அப்போது நடுக்கடலில் இருந்தன. தந்தை இறந்ததை அறிந்த பின்னும், பதினைந்து வயதுகூட நிரம்பாத அச்சிறுவனுக்குத் தந்தையின் கையெழுத்தில் வாரந்தோறும் கடிதம் வந்துகொண்டிருந்தது.

பின்னர் ஈவ்லின் இங்கிலாந்து சென்றார். கப்பலிலிருந்து இறங்கிய தளர்ந்த பெண்மணியைத் தான் ஆறாண்டுகளாக மனத்தில் வைத்திருந்த அழகிய தாயென்று ஏற்க நெஞ்சம் மறுத்ததாகப் பால் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அப்பையன் கெட்டுப்போகவில்லை. மருத்துவம் பயின்று, 1946இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட் அவரே. தாயும் மீண்டும் நம் நாட்டுக்கு வந்தார். ஊழியச் சங்கம் வயதைக் காட்டி ஓய்வளித்த பின்னும் தம் பொறுப்பிலேயே மலையேறினார். மட்டக்குதிரைமேலும், முதுமையில் இரு மூங்கில் கோல்களை ஊன்றியும் ஊர் ஊராகச் சென்றார். தம் இல்லத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியே அவர் வைத்துக்கொள்ளவில்லையாம். 1974 டிசம்பரில், 95 வயதில் இறந்து, கணவரின் அருகே இம்மலையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். ஆகவே, "அனுப்பியதால் நன்மையே விளைந்தது" என்று யாரேனும் இக்கதையைக் காட்டி வாதிடலாம். நாம் அதை அவ்வாறு வாசிக்கவில்லை. நன்மையைக் கடவுள் எங்கிருந்தும் விளைவிப்பார். அந்த ஆறு ஆண்டுகள் மட்டும் அக்குடும்பத்திற்குத் திரும்பவில்லை.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொல்லி, "ஒன்பது வயதில் வேண்டாம், அம்மா. பதினாறில் அவளே கேட்டால் அப்போது பார்க்கலாம்" என்றோம். "இப்ப விமானம் இருக்கு, தினமும் போன்ல முகம் பார்க்கலாமே, சாமி" என்றார். பார்க்கலாம்தான். நாள்தோறும் முகத்தைக் காட்டும் கருவி, இரவில் காய்ச்சல் கண்ட நெற்றியில் கை வைக்காதே!

இப்படிச் சொல்லும்போதே எம் மனம் எம்மைக் குத்தியது. மலைப்பிள்ளைகளில் எத்தனையோ பேர் ஆறு வயதிலேயே உறைவிடப் பள்ளிகளுக்குச் செல்கிறார்கள். கீழ்நாட்டிலும் நம் விடுதிகளில் சேர்க்கச் சிறு குழந்தைகளுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதித் தருவது நாமே. வறுமையால் அனுப்புவோரை நாம் சொல்லவில்லை. அவர்களுக்கு வேறு வழியில்லை. வழி இருந்தும், பக்கத்து வீட்டார் அனுப்பினார்கள் என்பதற்காக அனுப்புவோர் நம் பங்கில் உண்டு. இவ்வாண்டு அவ்வாறு கடிதம் கேட்டு வருபவரிடம், கையொப்பமிடும் முன் அரைமணி நேரமாவது பேசுவதென்று முடிவு செய்திருக்கிறோம்.

செம்பு வந்து சேர்ந்தது. அறை அறையாகத் தீர்த்தம் தெளித்து வீட்டை மந்திரித்தோம். வீட்டுக்காரர் எம்முடன் பேருந்து நிற்குமிடம் வரை நடந்து வந்தார். மனைவி கேட்டதை அவரும் அறிந்தே இருந்தார் போலும். பிராண்ட் குடும்பத்தாரின் கல்லறைகள் எப்பக்கம் என்று விசாரித்தார். வாழவந்திக்கு வழி சொன்னோம். மகளைப் பற்றி அவர்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை. இங்கே பள்ளிகள் ஜூன் மாதத்தில் திறக்கின்றன, இங்கிலாந்தில் செப்டம்பரில்.