அப்பவே சொன்னேனுங்க!

"இவனுக்குப் படிப்பு ஏறாதுங்க. பேசாம பனியன் கம்பெனிக்கு அனுப்பிச்சுருங்க."

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இதைக் கேட்காத கடைசி பெஞ்சு அநேகமாக இருக்காது. சில வருடம் கழித்து அந்தப் பையன் பத்தாவதில் ஃபெயிலாகி, திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டிக் கொண்டிருப்பான். வாத்தியாரும் சொல்வார்: "நான் அப்பவே சொன்னேனுங்க!"

அவர் சொன்னது பலித்ததா? இல்லை, அவர் சொன்னதால் பலித்ததா?

அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ரோசந்தாலும், பள்ளி முதல்வரான லெனோர் ஜேக்கப்சனும் ஒரு துவக்கப் பள்ளியில் சோதனை செய்து, முடிவை 1968-ல் புத்தகமாக வெளியிட்டார்கள். சில குழந்தைகளின் பெயரைக் கொடுத்து, "இவர்கள் இந்த வருடம் நன்றாக முன்னேறுவார்கள், எங்கள் தேர்வு சொல்கிறது" என்றார்கள் ஆசிரியர்களிடம். உண்மையில் அந்தப் பெயர்கள் குலுக்கல் முறையில் எடுத்தவை! ஆனாலும் வருடக் கடைசியில், முக்கியமாக ஒன்றாம், இரண்டாம் வகுப்பில், அந்தக் குழந்தைகள் மற்றவர்களை விட அதிகம் முன்னேறியிருந்தார்கள்.

இந்த ஆய்வைக் குறை சொன்னவர்களும் உண்டு. பின்னால் நடந்த ஆய்வுகளில் விளைவு இவ்வளவு பெரிதாக இல்லை. ஆனால் இதில் மந்திரம் எதுவும் இல்லை. நம்பிக்கை வைத்த பையன் பதில் சொல்லத் தடுமாறினால் ஆசிரியர் காத்திருப்பார். நம்பிக்கை இல்லாதவன் தடுமாறினால், "நீ உட்காரு, அடுத்தவன் சொல்லு". இதுவே தினமும், பத்து வருடம் நடந்தால்?

இன்னொரு சோதனை நம் நாட்டிலேயே நடந்தது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேச கிராமத்துச் சிறுவர்களுக்குப் புதிர்ப்பாதைகள் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாதபோது, தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்கள் மற்றவர்களுக்குச் சமமாகவே போட்டார்கள். எல்லோர் முன்னாலும் சாதியை அறிவித்த பிறகு, அவர்கள் போட்ட புதிர்கள் குறைந்துவிட்டன. 2004-ல் வெளியான முடிவு இது. அறிவு ஐந்து நிமிடத்தில் குறையுமா என்ன?

ஸ்காலர்ஷிப் ஃபாரம் கொடுக்க, "எஸ்.சி. பசங்க எல்லாம் எந்திரிங்க" என்று வகுப்பு நடுவே சொல்லும் வழக்கத்தை இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். தமிழகத்தில் அருந்ததியருக்கு 2009-ல் 3% உள் ஒதுக்கீடு வந்தது. அவர்கள் அதிகம் வாழ்வது கொங்குப் பகுதியில்தான். இடம் சட்டத்தால் கிடைத்துவிடும். உட்கார்ந்த இடத்தில் நம்பிக்கை கிடைக்கிறதா?

"திறமை இருந்தா ஜெயிப்பான். ஜி.டி. நாயுடு ஜெயிக்கலையா?" என்பார்கள். உண்மைதான். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட அந்தக் கலங்கல்காரர், 1920-ல் ஒரே பஸ்ஸோடு தொழிலை ஆரம்பித்து, கோவையின் பெயர் சொல்லும் அளவுக்கு உயர்ந்தார். ஆனால் ஒரு நாயுடுவைத்தான் நமக்குத் தெரியும். "உனக்கு ஏறாது" என்றதை அப்படியே நம்பிவிட்ட எத்தனையோ பேரின் கணக்கு யாரிடம் இருக்கிறது?

பனியன் கம்பெனி வேலை கேவலம் இல்லை. திருப்பூரே அதில்தான் வாழ்கிறது. அந்த வேலையைப் பையன் தேர்ந்தெடுத்தானா, அவன் தலையில் எழுதினார்களா என்பதுதான் கேள்வி.

அடுத்த முறை "அப்பவே சொன்னேன்" என்று யாராவது சொன்னால், ஒன்று மட்டும் கேளுங்கள்: "சொன்னது சரிங்க, சொல்லிக் கொடுத்தீங்களா?"