பெட்டி ஊரிலேயே இருக்கட்டும்

திருப்பூர்ப் பெருமக்களுக்கும், பனியன் கம்பெனி முதலாளிகளுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழும் நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கும்,

அவிநாசி, ஊத்துக்குளி, காங்கயம் பக்கத்துக் கிராமங்களில் மகளிர் சுய உதவிக் குழுக்களோடு வேலை செய்கிறவர்கள் நாங்கள். எங்களில் ஊக்குநர்கள் உண்டு, கணக்கு எழுதுகிறவர்கள் உண்டு, சமுதாய வளப் பயிற்றுநர்கள் உண்டு. எந்தப் பொறுப்பும் இல்லாமல் சாயங்காலம் வந்து கைகொடுக்கும் இளவட்டங்களும் உண்டு. எல்லோரும் அந்தந்த ஊர்க்காரர்கள். உங்களிடம் ஓர் உதவி கேட்கவே இதை எழுதுகிறோம்.

எங்கள் கூட்டம் எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். கம்பெனி வண்டி ஊருக்குள் வரும்போது ராத்திரி எட்டரை ஆகிவிடும். இறங்கும் பெண்கள் வீட்டுக்குப் போய் உலை வைத்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு, ஒன்பதரை மணிக்கு மாரியம்மன் கோயில் திண்ணைக்கு வருவார்கள். தலைமுடியில் பஞ்சுத் தூசி அப்படியே ஒட்டியிருக்கும். கணக்கு எழுதும் பெண் தகரப் பெட்டியைத் திறந்து தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு எல்லாவற்றையும் பாயில் பரப்புவார். வசூலான பணத்தை எல்லோர் முன்பும் எண்ணுவார். எழுதியதைச் சத்தமாகப் படிப்பார்.

ஒரு நாள் அப்படிப் படித்துக்கொண்டிருந்தபோது, கைநாட்டு வைக்கும் ஒரு பாட்டி குறுக்கிட்டார். "போன மாசம் வட்டி முப்பதுன்னயே கண்ணு, இப்ப இருபத்தஞ்சுங்கற. மறுக்காப் படி." அந்தப் பெண் மறுபடி படித்தார். மூவாயிரத்தில் ஐந்நூறு கட்டியாகிவிட்டது, பாக்கி இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினார். பாட்டி தலையாட்டிய பிறகே பக்கம் திரும்பியது. அந்தப் பாட்டி வாய்திறந்து அப்படியொரு கேள்வி கேட்பதற்கு எங்களுக்கு மூன்று வருடம் பிடித்தது. சுயசார்பு என்று மேடையில் பேசுவதை நாங்கள் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்தக் கணக்கு எழுதும் பெண்ணைப் பற்றித்தான் இந்த வேண்டுகோள். பகலில் அவரும் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். ஒன்றரை ஷிப்ட் நின்றால் கிடைக்கும் கூலியை விட்டுவிட்டு, கூட்ட நாளில் ஒரு ஷிப்ட்டோடு வீடு திரும்புகிறார். குழுவிலிருந்து கிடைக்கும் மதிப்பூதியம் மாதம் சில நூறு ரூபாய், அதுவும் எல்லா மாதமும் வராது. ஒரு கட்டத்தில் அவர் வீட்டுக்காரரோ மாமியாரோ "போதும்" என்கிறார்கள். அவர் நின்றால் புத்தகம் நிற்கிறது, புத்தகம் நின்றால் கூட்டம் நிற்கிறது. அதற்குப் பிறகு அதே திண்ணையில் வாரத் தவணைக் கடன்காரர் வந்து உட்காருகிறார். இதை எத்தனையோ ஊர்களில் பார்த்துவிட்டோம்.

ஊர் ஊராகக் கணக்கு வைத்துச் செய்யும் இந்த வேலை திருப்பூருக்குப் புதிது இல்லை. 1925-ல் காந்தி தொடங்கிய அகில இந்திய சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளைக்குத் திருப்பூர்தான் தலைமையிடம். அதே ஆண்டில்தான் ராஜாஜி திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். மழை பொய்த்த ஊர்களில் பஞ்சைக் கொடுத்து, நூற்ற நூலை எடைபோட்டு வாங்கி, கூலியைக் கையில் எண்ணிக் கொடுத்தவர்கள் கதர் ஊழியர்கள். ரயிலில் வந்து பேசிவிட்டுப் போன தலைவர்களின் பெயர்கள் நமக்கு மனப்பாடம். தராசைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்தவர்களின் பெயர்கள் யாருக்கும் தெரியாது. 1935-ல், எட்டு மணி நேரம் நூற்பவருக்கு எட்டணாவாவது கிடைக்க வேண்டும் என்று காந்தி பிடிவாதமாகக் கேட்டார். கூலி ஏறினால் கதர் விலை ஏறும், விற்காது என்று சங்கத்துக்குள்ளேயே கவலைப்பட்டார்கள். எட்டணா வரை போக முடியவில்லை என்றாலும் சங்கம் கூலியை உயர்த்தியது. இன்று பீஸ் ரேட் பேசும்போதெல்லாம் எங்களுக்கு இது நினைவுக்கு வருகிறது.

பிறகு 1989-ல் தருமபுரியில் ஐ.நா.வின் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் குழுக்களை அமைக்க ஆரம்பித்தது. அந்த விதையிலிருந்து வந்தவைதான் இன்று மாநிலம் முழுக்க உள்ள குழுக்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் பள்ளிக்கூடத்து அடுப்பைப் பற்றவைப்பவர்களும் குழுப் பெண்கள்தான். ஆக, அடித்தளம் இருக்கிறது. அதைத் தாங்குகிற ஆட்களைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

நகரத்தில் ஆர்டர் குறைந்தால் முதல் அடி கிராமத்தில் விழுகிறது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும், 2020 ஊரடங்கிலும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோதும் அப்படித்தான். கம்பெனி வண்டி வராத காலையில் அந்த வீட்டில் அரிசி வாங்கக் காசு இருக்கிறதா என்பதே கேள்வி. நொய்யலின் கீழ்ப்பக்கம் தண்ணீர் கெட்டுப்போய் விவசாயத்தை விட்டவர்களுக்கும், கொறங்காட்டு மேய்ச்சலில் நாலு ஆட்டை வைத்துப் பிழைப்பவர்களுக்கும் திரும்பிப் போக வேறு வேலை இல்லை. பேரேடு ஒழுங்காக இருந்த குழுக்களில் அந்த வாரமே அவசரக் கடன் கொடுக்க முடிந்தது.

ஓர் ஊரில் எட்டுப் பெண்கள் வங்கிக் கடனில் பழைய ஓவர்லாக் மெஷின்களும் ஒரு பிளாட்லாக் மெஷினும் வாங்கி ஜாப் ஒர்க் எடுத்தார்கள். இடையில் இரண்டு புரோக்கர்கள். தைத்துக் கொடுத்து நாலு மாதமாகியும் பணம் வரவில்லை, வங்கித் தவணையோ நிற்கவில்லை. மூன்று தவணையைக் குழுவின் சேமிப்பு தாங்கியது. பிறகு கணக்கு எழுதும் பெண், எந்தத் தேதியில் எத்தனை பண்டல், எத்தனை பீஸ், யார் கையெழுத்து என்று எழுதி வைத்த நோட்டோடும் டெலிவரி சலானோடும் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனார். சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்து பணத்தை வாங்கி வந்தார்கள். அந்த நோட்டு இல்லாவிட்டால் மெஷின்களை விற்றிருப்பார்கள்.

ஓர் ஊர் தன் பணத்தைத் தானே ஆண்டால் எதுவரை போகலாம் என்பதற்கு நம் மாவட்டத்து மண்ணிலேயே சான்று உண்டு. உடுமலை பக்கம் மைவாடியில், மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி 2006-ல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியது. செலவு 1 கோடியே 55 லட்சம். அதில் 40 லட்சம் ஊராட்சியே சேர்த்தது, மீதி வங்கிக் கடன். மின்சாரத்தை வாரியத்துக்கு விற்ற காசிலிருந்தே கடனை அடைத்தார்கள்.

நாங்கள் கேட்பது இதுதான். ஆண்டு விழாவுக்கும் வேட்டி சேலை வழங்கும் விழாவுக்கும் ஆகும் செலவில் ஒரு பங்கை, ஏதாவது ஓர் ஊராட்சியின் குழுக் கணக்காளருக்கு மூன்று வருட ஊதியமாக ஒதுக்குங்கள். அதை அவர் கையில் கொடுக்க வேண்டாம், கொடுத்தால் அவர் உங்கள் ஆளாகிவிடுவார். குழுக்கள் சேர்ந்த ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் வங்கிக் கணக்கில் போடுங்கள். அவர்கள் தீர்மானம் போட்டு மாதாமாதம் கொடுக்கட்டும். வேலை சரியில்லை என்றால் ஆளை மாற்றுவதும் அவர்கள் உரிமை. பெட்டி ஊரிலேயே இருக்கட்டும்.

கம்பெனி வைத்திருப்பவர்கள் புரோக்கர் இல்லாமல் நேராகக் கிராமத்துக்கு ஜாப் ஒர்க் கொடுங்கள். பீஸ் ரேட்டைச் சொல்லிவிட்டுப் பண்டலை இறக்குங்கள், பதினைந்து நாளில் பணத்தைத் தீருங்கள். தயவுசெய்து கால்மிதித் தையல் மெஷின் தானம் செய்யாதீர்கள். பனியன் துணிக்கு ஓவர்லாக் வேண்டும், பிளாட்லாக் வேண்டும். கால்மிதி மெஷின்கள் எத்தனையோ வீடுகளில் துணி போட்டு மூடிக் கிடக்கின்றன. கொடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பணம் இல்லாதவர்களிடமும் கேட்க இருக்கிறது. ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள் மாதம் ஒரு ராத்திரி வந்து பேரேட்டைச் சரிபார்த்துக் கொடுக்கலாம். மெஷின் மெக்கானிக்குகள் எங்கள் பெண்களுக்கு ஊசி மாற்றவும் டைமிங் வைக்கவும் கற்றுத்தரலாம். இன்னொரு குறையும் உண்டு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து எங்கள் ஊர் லைன் வீடுகளில் குடியிருக்கும் பெண்களை இதுவரை நாங்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. மொழியும் தெரியவில்லை, அவர்களின் ஆதாரில் முகவரியும் வேறு. ஹிந்தியோ ஒடியாவோ பேசத் தெரிந்த பிள்ளைகள் யாராவது வந்தால் அந்த வீடுகளுக்குச் சேர்ந்து போகத் தயாராக இருக்கிறோம்.

உங்களுக்குப் பக்கத்தில் உள்ள ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் கூட்டமைப்பின் கணக்காளர் யார் என்று சொல்வார்கள். சனிக்கிழமை வர வேண்டாம், அன்று சம்பள நாள், எல்லோரும் சந்தைக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். செவ்வாய் ராத்திரி ஒன்பதரைக்கு வாருங்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து கோயில் வரைக்கும் தெருவிளக்கு இல்லை, டார்ச் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
அவிநாசி, ஊத்துக்குளி, காங்கயம் வட்டாரக் கிராமங்களின் ஊக்குநர்கள், கணக்காளர்கள், தன்னார்வலர்கள்